ஐந்து கிலோ கோதுமை



மக்கள் நல்வாழ்வு பற்றி ஆண்டுக்கு ஓர் உரை என்பது இந்த அறக்கட்டளையின் ஏற்பாடு. இந்த ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆக்சிஜன், படுக்கை, தடுப்பூசி, நடந்தே ஊர் போன தொழிலாளர்கள் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதியும் பேசியும் விட்டார்கள். அந்த நாட்களில் செய்தியில் இடம்பெறாத ஒரு சிறு கூட்டத்தை உணவு ஆலோசகரான நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். செலியாக் நோய் உள்ளவர்கள். இவர்களுக்கு மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது, சாப்பாடுதான் வைத்தியம். ஊரடங்கில் மருந்துக் கடைகள் திறந்திருந்தன. இவர்களுடைய மருந்து மட்டும் மளிகைச் சாமான் கணக்கில் போய்ச் சேர்ந்தது. பேரிடர்க் கால நிவாரணத்தைத் திட்டமிடுகிறவர்கள் இதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்பதற்காகவே இங்கே நிற்கிறேன்.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சப்பாத்தி மாவு இழுத்தால் இழுபடுவதும், பரோட்டா மாவு வீச வீச விரிவதும் அதனால்தான். மரபுவழியில் வாய்ப்புள்ள சிலருக்கு இந்தக் குளூட்டன் உள்ளே போனதும் உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது. குடலின் உட்சுவரில் துவாலையின் நூல் முனைகள்போல நெருக்கமாக நிற்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கிப் போகின்றன. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. குழந்தைக்கு வயிறு ஊதும், கைகால் சூம்பும், வளர்த்தி நின்றுபோகும். பெரியவர்களுக்குத் தீராத இரத்தசோகையாகவும் எலும்புத் தேய்மானமாகவும் வரும். வயிற்றுக் கோளாறே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கவும் செய்யும். ஒரே வழி, வாழ்நாள் முழுக்கக் குளூட்டனை அறவே விலக்குவது. ‘கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது’ என்ற பேச்சு இங்கே எடுபடாது. ஒரு பொட்டலத்தில் குளூட்டன் இல்லை என்று அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பன்னாட்டு அளவுகோல். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அதையே வைத்திருக்கிறது. தட்டில் ஒட்டிய ரொட்டித் துணுக்கே போதும் அந்த அளவைத் தாண்டிவிட.

இந்த நோய்க்கும் பேரிடருக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1944 செப்டம்பரில் நெதர்லாந்தில் ரயில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பதிலடியாக, நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மானியர்கள் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் தடுத்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஏறத்தாழ 20,000 பேர் பட்டினியில் செத்தார்கள். மக்கள் துலிப் கிழங்கைத் தோண்டி வேக வைத்துத் தின்ற காலம் அது. தி ஹேக் நகரின் ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனைக்குத் தலைமை வகித்தவர் வில்லெம் காரெல் டிக்கே. ரொட்டி கண்ணில் படாத அந்த மாதங்களில் செலியாக் குழந்தைகள் தேறினார்கள், ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள் என்று மருத்துவ வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். பஞ்சத்தில்தான் அவருக்குப் பொறி தட்டியது என்பது முழு உண்மையல்ல. 1930களிலேயே அவருக்குக் கோதுமையின் மேல் சந்தேகம் இருந்தது. தன் பிள்ளைக்கு ரொட்டியை நிறுத்தினால் குணம் தெரிகிறது என்று ஒரு தாய் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டவர் அவர். 1941இல் அதைப் பற்றி எழுதியும் இருக்கிறார். பஞ்சம் அவருடைய சந்தேகத்தை உறுதிப்படுத்தியது. 1950இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த ஆய்வேடு, கோதுமைதான் காரணம் என்பதை நிலைநாட்டியது.

இந்த வரலாற்றில் என்னை விடாமல் தொந்தரவு செய்வது ஒரு விஷயம். பட்டினி கிடந்த ஊருக்கு ரொட்டி வந்தது. ஊரே கண்ணீரோடு வாங்கிச் சாப்பிட்டது. அந்த ரொட்டி சில குழந்தைகளை மட்டும் திரும்ப ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. கொடுத்தவர்கள் மேல் குற்றம் இல்லை, அன்றைக்கு யாருக்கும் காரணம் உறுதியாகத் தெரியாது. எழுபத்தைந்து ஆண்டு கழித்து நமக்குத் தெரியும். தெரிந்த பிறகும் 2020இல் என்ன செய்தோம் என்பதுதான் என் கேள்வி.

நம் நாட்டுக்கு வருகிறேன். ‘இது வெள்ளைக்காரர்கள் வியாதி, நம் ஊரில் கிடையாது’ என்று நான் படித்த காலத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். 2011இல் வெளியான வட இந்திய ஆய்வு ஒன்று 96 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதைக் காட்டியது. 2016இல் மருத்துவர் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் மருத்துவர் கோவிந்த் மக்காரியாவும் மற்றவர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இன்னும் விரிவானது. வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் 23,000க்கும் மேற்பட்டவர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். தெற்குக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட இடம் நம்முடைய வேலூர். நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் வடக்கில் 100க்கு 1.23 பேரிடம் இருந்தது, வடகிழக்கில் 0.87, தெற்கில் 0.10. வாய்ப்பைத் தரும் மரபணு மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவு, மூன்றில் ஒருவருக்கு என்ற கணக்கில் இருந்தது. பெரிய வித்தியாசம் தெரிந்தது தட்டில்தான். வடக்கில் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை, தெற்கில் 25 கிராம்.

இந்தக் கடைசி வரியை மருத்துவ மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். நம் உடம்பிலும் அந்த மரபணு இருக்கிறது. இட்லியும் சோறும் நம்மை ஓரளவு காப்பாற்றி வைத்திருக்கின்றன. இரவுக்குச் சப்பாத்தி, நினைத்தால் பரோட்டா, பிள்ளைக்கு நூடுல்ஸ் என்று நம் வீடுகளும் மாறிக்கொண்டிருக்கின்றன. இந்தியா முழுவதும் 60 முதல் 80 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கக்கூடும் என்று வல்லுநர்கள் மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இது இருப்பதே தெரியாது.

2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. மறுநாளே ஒன்றிய அரசு ஏழைகளுக்கான உணவுத் திட்டத்தை அறிவித்தது. ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ அரிசி அல்லது கோதுமை, குடும்பத்துக்கு ஒரு கிலோ பருப்பு, எல்லாம் இலவசம். அந்தத் திட்டம் கோடிக்கணக்கான அடுப்புகளை அணையாமல் வைத்திருந்தது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அந்த ‘அல்லது’ குடும்பத்தின் விருப்பத்துக்கு விடப்படவில்லை. எந்த மாநிலத்துக்கு எது என்று மேலேயே முடிவானது. பஞ்சாப், ஹரியாணா, ராஜஸ்தான் போன்ற மாநிலங்களுக்குக் கோதுமை ஒதுக்கினார்கள். செலியாக் நோய் நாட்டிலேயே அதிகம் பரவியிருக்கும் பகுதியும் அதுவேதான்.

ஹரியாணாவில் ரோத்தக் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் என்னிடம் தொலைபேசியில் பேசினார். சென்னை சௌகார்பேட்டையில் இருக்கும் அவருடைய உறவினர் மூலம் என் எண் கிடைத்திருக்கிறது. கணவர் கட்டட வேலை, வேலை நின்றுவிட்டது. மகளுக்கு ஒன்பது வயது, இரண்டு ஆண்டுக்கு முன்பு நோயைக் கண்டுபிடித்து, கோதுமையை நிறுத்திய பிறகுதான் வளரவே ஆரம்பித்திருக்கிறாள். அந்தச் சிறுமியின் பங்குக்கும் ரேஷனில் ஐந்து கிலோ கோதுமை வந்தது. தாய் அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, கிடைத்த காசில் கடையில் அரிசி வாங்கினார். ஐந்து கிலோ கோதுமை விற்ற காசுக்கு இரண்டு கிலோ அரிசிகூட முழுசாக வரவில்லை. மாதக் கடைசியில் பிள்ளைக்கு உருளைக்கிழங்கை வேக வைத்துக் கொடுத்திருக்கிறார். அவர் என்னிடம் கேட்டது அரிசி அல்ல. “ஒரு நாளைக்கு ஒரு ரொட்டி கொடுத்தால் என்ன ஆகும்? அதையாவது சொல்லுங்கள், மனசைத் திடப்படுத்திக்கொள்கிறேன்” என்றார். கொடுக்கக் கூடாது என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்? அன்றைக்கு அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது ஆலோசனை அல்ல, அரிசி.

அரிசிக்குப் பஞ்சமா என்றால் அதுவும் இல்லை. பஞ்சாபும் ஹரியாணாவும் நெல் விளையும் மாநிலங்கள். அங்கே கொள்முதலான அரிசி அங்கேயே கிடங்குகளில் அடுக்கப்பட்டு, பிற மாநிலங்களின் ரேஷன் கடைகளுக்கு ரயிலேறுகிறது. கோதுமை கொடுத்த கடைக்குப் பக்கத்திலேயே அரிசிக் கிடங்கு இருந்தது. ஒரு மருத்துவச் சீட்டைக் காட்டி, ‘இந்தப் பிள்ளையின் ஐந்து கிலோவை மட்டும் அரிசியாகக் கொடுங்கள்’ என்று கேட்க ஒரு வழி இல்லை.

நடைமுறையில் முடியாது என்று யாராவது சொன்னால் 2022 மே மாதத்தை நினைவூட்டுவேன். அந்த ஆண்டு கோதுமைக் கொள்முதல் குறைந்தது. உடனே அதே இலவசத் திட்டத்தில் உத்தரப் பிரதேசம், பீகார், கேரளம் ஆகிய மாநிலங்களுக்குக் கோதுமையை முழுவதும் நிறுத்தி அரிசியாக மாற்றிவிட்டார்கள். ஓர் உத்தரவில் மூன்று மாநிலங்களின் தானியத்தையே மாற்ற முடிந்த நிர்வாகத்துக்கு, ஒரு மாவட்டத்தில் நோய் உறுதியான சில நூறு பேருக்கு மாற்றிக் கொடுப்பது பெரிய வேலையாக இருந்திருக்காது. கேட்பதற்கு ஆள் இல்லை, கேட்டால் எழுதிக்கொள்ளப் பதிவேட்டில் ஒரு பத்தியும் இல்லை.

பணக்கார நாடுகளில் நிலைமை நன்றாக இருந்ததா? பிரிட்டனில் கடுமையான உடல்நலக் குறைவு உள்ளவர்களை வெளியே வர வேண்டாம் என்று சொல்லி, அரசே வாராவாரம் வீட்டு வாசலில் உணவுப் பெட்டி வைத்தது. ரொட்டி, பாஸ்தா, காலை உணவுச் சீரியல், பிஸ்கட், டின் உணவு, தேயிலை, பழம் என்று எல்லாருக்கும் ஒரே பெட்டி. பெட்டி பெற்றவர்களில் செலியாக் உள்ளவர் ஒருவர் இருந்தால், அவருக்குத் தேயிலையும் பழமும் சில டின்களும்தான் மிச்சம். அதே மார்ச்சில் கடைகளில் மக்கள் முண்டியடித்து வாங்கினார்கள். சாதாரணப் பாஸ்தாவும் மாவும் தீர்ந்ததும், பக்கத்து அலமாரியில் இருந்த குளூட்டன் இல்லாத பொட்டலங்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு அது கிடைத்ததில் ஒன்று. அதை மட்டுமே சாப்பிடக்கூடியவர் வந்து பார்க்கும்போது அலமாரி காலி. இந்த விஷயத்தில் இத்தாலி இன்னும் முன்னேறிய நாடு. செலியாக் உள்ளவர்களைக் காக்க 2005லேயே தனிச் சட்டம், மாதாமாதம் உணவுக்கென்று அரசுப் பணம். பெரியவர் ஒருவருக்கு 110 யூரோ வரை உண்டு. ஆனால் அந்தப் பணத்துக்கான சீட்டு அப்போது பெரும்பாலும் சொந்த மாநிலத்துக்குள் மட்டுமே செல்லுபடியானது. வடக்கே படிக்கப் போய் ஊரடங்கில் மாட்டிக்கொண்ட தெற்கத்திப் பிள்ளைக்கு அது வெறும் காகிதம். சட்டம் இருந்தால் போதாது, ஆள் எங்கே இருந்தாலும் அது தேடி வர வேண்டும்.

இனி வீட்டுக்குள் வருகிறேன். என் வேலையில் பெரும்பகுதி அடுப்படியில்தான் நடக்கிறது. ஊரடங்கில் என்னோடு அதிகம் பேசியவர்கள் சென்னையில் இரண்டு மூன்று தலைமுறையாக வாழும் மார்வாடி, பஞ்சாபிக் குடும்பங்களில் செலியாக் பிள்ளைகளை வளர்க்கும் பெண்கள்.  முன்பெல்லாம் கூரியரில் வரவழைத்த, சான்றிதழ் உள்ள மாவுப் பொட்டலங்களை நம்பியிருந்தவர்கள். கூரியர் நின்றது, பொட்டலம் வரவில்லை. அரிசிதான் இருக்கிறதே, நம் ஊரில் என்ன குறை என்று நினைப்போம். குறை மாவு மில்லில் இருக்கிறது. காலையிலிருந்து கோதுமை ஓடிய இயந்திரத்தில் நம் அரிசியைக் கொட்டினால், கல் இடுக்கிலும் துணிக் குழாயிலும் தங்கிய கோதுமை மாவு கலந்துதான் வரும். கேழ்வரகும் கம்பும் தினையும் சாமையும் குளூட்டன் இல்லாதவை. மில்லுக்குப் போய்த் திரும்பி வரும்போது அவற்றை அப்படிச் சொல்ல முடியாது.

ஒரு பெண் தன் தெருவின் மில்காரரிடம் பேசிப் பார்த்தார். “காலையில கடை திறந்ததும் முதல் ஆளா வந்துடுங்கம்மா, கல்லைக் கழட்டித் துடைச்சுட்டு உங்க ஈட்டை ஓட்டிடறேன்” என்று அவர் ஒப்புக்கொண்டார். முதலில் இரண்டு கிலோ அரிசியை ஓட்டி அதைத் தனியாக எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு வருவதை மட்டும் பிள்ளைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். அதுவும் முழுப் பாதுகாப்பு அல்ல. மிக்சி இருக்கிற வீட்டில் அரிசியைக் களைந்து, நிழலில் உலர்த்தி, வீட்டிலேயே அரைத்துச் சலிப்பதுதான் நல்லது. சலிக்கிற சல்லடை புதிதாக இருக்க வேண்டும். பழைய சல்லடைக் கண்ணில் ஒட்டிய மைதா எத்தனை முறை கழுவினாலும் போகாது. சப்பாத்திக் கட்டையும் குழவியும் மரம் என்பதால் அந்தப் பிள்ளைக்குப் பக்கமே வரக் கூடாது. கோதுமை தோசை வார்த்த கல்லில் அரிசி தோசை வார்க்கக் கூடாது. இதெல்லாம் வேலையாள் வராத, எல்லாரும் வீட்டில் இருந்த, நாளுக்கு நாலு வேளை சமைத்த நாட்களில், ஒரே அடுப்படியில் ஒரே பெண் பார்த்துக்கொண்ட வேலை.

பெருங்காயத்தைச் சொல்லாமல் போக முடியாது. நாம் கடையில் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அதைத் தூளாக்கவும் காரம் தணிக்கவும் மாவு சேர்ப்பார்கள். சிலவற்றில் அரிசி மாவு, பலவற்றில் கோதுமை மாவு. பார்த்துப் பார்த்து வழக்கமாக வாங்கும் டப்பா கிடைக்காமல், கிடைத்ததை வாங்கிய வீடுகளில் சாம்பாரும் ரசமும் மோரும்கூடப் பிள்ளைக்கு ஆகாதவையாயின. வயிறு ஏன் மறுபடி கெட்டது என்று புரியாமல் கொரோனாவோ என்று பயந்து என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு வீட்டில் டப்பாவின் பின்பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். பொடி எழுத்தில் இருந்தது, பெரிதாக்கிப் பார்த்ததும் விடை கிடைத்தது. அன்பினால் வரும் ஆபத்தும் உண்டு. தொற்று வந்து தேறியவர்களுக்குச் சொந்தக்காரர்கள் மால்ட் சேர்த்த சத்துபானத்தை வாங்கி அனுப்பினார்கள், கால் வீக்கத்துக்குப் பார்லிக் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள். இரண்டிலும் குளூட்டன். கபசுரக் குடிநீரில் உண்டா என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். அதில் கோதுமையோ பார்லியோ கிடையாது, தாராளமாகக் குடிக்கலாம் என்று சொல்ல முடிந்ததே எனக்கு ஒரு ஆறுதல்.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘எதிர்ப்புச் சக்திக் கோளாறு’ என்று நோய்க்கு ஒரு விளக்கம் சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்டவர்களுக்குக் கொரோனா தங்களைத்தான் முதலில் கொண்டு போகும் என்று தோன்றியது இயல்பு. ஸ்வீடனில் செலியாக் உள்ள 40,000க்கும் மேற்பட்டவர்களின் பதிவேட்டை மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தொற்றால் மருத்துவமனையில் சேரும் அபாயம் அவர்களுக்குக் குறிப்பிடும்படி அதிகமில்லை என்று தெரிந்தது. தடுப்பூசிகளில் குளூட்டன் இல்லை. செலியாக் உள்ள சிலருக்கு மண்ணீரல் சரிவர வேலை செய்வதில்லை, அவர்கள் மருத்துவரைக் கேட்டு நிமோனியாவுக்கான தடுப்பூசியையும் போட்டுக்கொள்வது நல்லது. இந்த நாலு வாக்கியத்தை 2020இலும் 2021இலும் யாராவது அவரவர் மொழியில் சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

நோய் ஏற்கெனவே தெரிந்தவர்களின் பாடு இது. இன்னும் தெரியாதவர்களின் பாடு வேறு. இரத்தப் பரிசோதனையில் சந்தேகம் வந்தால், எண்டோஸ்கோப்பி செய்து சிறுகுடலில் துளி சதை எடுத்துப் பார்ப்பது வழக்கம். அதுவரை நோயாளி கோதுமை சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்திவிட்டால் குடல் ஆறத் தொடங்கி, சோதனையில் நோய் பிடிபடாமல் போகலாம். வாய்வழிக் குழாய் விடும் சோதனையில் தொற்று பரவும் என்ற அச்சத்தால் 2020 வசந்தத்தில் உலகெங்கும் எண்டோஸ்கோப்பி முடங்கியது. பிரிட்டனில் ஒரு கட்டத்தில் வழக்கமான எண்ணிக்கையில் 5 சதவீதமே நடந்தது. நினைத்துப் பாருங்கள். கெடுதல் செய்வது எது என்று கிட்டத்தட்டத் தெரிந்துவிட்டது. தேதி கிடைக்கும்வரை அதையே தினமும் சாப்பிடு என்று நோயாளிக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. தேதி எப்போது என்று யாருக்கும் தெரியாது. பிரிட்டிஷ் இரைப்பைக் குடல் மருத்துவச் சங்கம் அந்த ஆண்டு ஓர் இடைக்கால வழி சொன்னது. 55 வயதுக்குக் கீழ்ப்பட்ட, வேறு அபாய அறிகுறி இல்லாத ஒருவருக்கு எதிர்ப்பொருள் அளவு வழக்கமான உச்சத்தைப் போல் பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்தால், சதைச் சோதனை இல்லாமலே நோயை உறுதி செய்யலாம் என்றது. குழந்தைகளுக்கு ஐரோப்பிய மருத்துவர்கள் 2012லேயே ஏறத்தாழ இதே அளவுகோலைத் தந்திருந்தார்கள். பிரிட்டனில் பெரியவர்களுக்கும் அதை நீட்டத் துணிவு வந்தது நெருக்கடியில்தான்.

எல்லாம் துன்பமாகவே போகவில்லை. இத்தாலியில் ஊரடங்குக்குப் பிறகு செலியாக் உள்ளவர்களிடம் விசாரித்தபோது, வீட்டிலேயே சாப்பிட்டதால் கட்டுப்பாடு எளிதாகவும் உடல்நலம் மேலாகவும் இருந்ததாகப் பலர் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த வீடுகளிலும் அப்படித்தான். பதினோரு வயதுப் பையன் ஒருவன், பள்ளியில் டப்பாவை மறைத்து மறைத்துத் தின்று பழகியவன். ஊரடங்கின் முதல் மாதத்திலேயே அவனுக்கு வயிற்று வலி நின்றுவிட்டது. அவன் அம்மா அதை மகிழ்ச்சியாகச் சொன்னார். நான் அதைக் கேட்டு மகிழவும் செய்தேன், வருந்தவும் செய்தேன். பிள்ளை நலமாக இருக்க நாடே கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியிருந்தது என்றால், திறந்திருக்கும் நாட்களில் நம் பள்ளிகளும் ஓட்டல்களும் கல்யாணப் பந்திகளும் அவனை எப்படி நடத்துகின்றன? கேலிக்குப் பயந்து ஒரு வாய் பரோட்டா தின்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

வீட்டுக்குள் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, வீட்டை விட்டுப் போன நொடியில் போய்விடும். தொற்று உறுதியானவர்களைத் தனிமை மையங்களுக்குக் கொண்டுபோன காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பையனின் அப்பாவுக்கும் இதே நோய். அவருக்குத் தொற்று உறுதியாகி ஒரு மையத்தில் சேர்த்தார்கள். காலையில் ரவா உப்புமா, இரவில் சப்பாத்தி, இடையில் பிஸ்கட். வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுபோக அனுமதி இல்லை. சேர்க்கும்போது நிரப்பிய படிவத்தில் சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, இதயநோய் உண்டா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். ‘எதைச் சாப்பிடக் கூடாது?’ என்ற கேள்வி இல்லை. இரண்டு நாள் வாழைப்பழத்திலும் மதியச் சோற்றிலும் ஓட்டியிருக்கிறார். மருத்துவ அதிகாரியைப் பிடிக்க முடியாமல் நான் சமையல்காரரின் எண்ணை வாங்கிப் பேசினேன். “அதுக்கென்னம்மா, அவருக்கு இட்லி தனியா எடுத்து வச்சுடறேன். பெருங்காயத்துல மாவா? இது நமக்குத் தெரியாதே” என்றார். அன்று முதல் அவருக்கு இட்லியும், பெருங்காயம் போடாமல் தனியாக எடுத்த சட்னியும் போயின. நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைத்த அந்த மனிதர் ஒரு ஆளுக்காகத் தனிப் பாத்திரம் ஒதுக்கினார். ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் சமையல்காரர் எண்ணைத் தேடிப் பிடிக்க ஒருவர் வெளியே இருக்க மாட்டார்.

ஆகவே என் கோரிக்கைகளை வைக்கிறேன். தனிமை மையமோ வெள்ள முகாமோ, சேர்க்கைப் படிவம் எதுவானாலும் சாப்பிடக் கூடாதது எது என்று ஒரு வரி வேண்டும். செலியாக் உள்ளவர்களுக்கு மட்டுமல்ல, வேர்க்கடலை ஒவ்வாதவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறுக்காரர்களுக்கும் அந்த வரி உயிரைக் காக்கும். செலியாக் என்று உறுதியான ஒவ்வொருவருக்கும் மருத்துவமனை ஓர் அட்டை தர வேண்டும், மாநில மொழியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும், ரேஷன் கடைக்காரருக்கும் முகாம் சமையல்காரருக்கும் புரியும்படி. அரசு மருத்துவமனை மருந்தகங்களில் நோயாளிக்கு ஒரு மாதத்துக்கான மூட்டையாவது, சுத்தமான அரிசி மாவாகவோ சிறுதானிய மாவாகவோ, பேரிடர்க் காலத்துக்கென்று இருப்பு வைக்க வேண்டும். அரைக்க நம் மகளிர் குழுக்கள் இருக்கின்றன. கோதுமையே தொடாத ஒரு மில் மாவட்டத்துக்கு ஒன்று அவர்களிடம் இருந்தால் போதும். தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிகள் ஊரடங்கு தொடங்கிய அதே மார்ச் 25 அன்று வெளியாயின. மருத்துவர்களுக்கு அவை பெரிய கதவைத் திறந்தன. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துச் சொல்லும் உணவு ஆலோசகர்களையும் அந்த ஏற்பாட்டுக்குள் முறையாகக் கொண்டுவர வேண்டும்.

ரேஷன் மாற்றுக்கு வெகுதூரம் போய் முன்மாதிரி தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் கடைகளில் அரிசிக்குப் பதிலாக ஓரளவு கோதுமை வாங்கிக்கொள்ள இன்றைக்கும் வழி உண்டு. சர்க்கரை நோயுள்ள எத்தனையோ பெரியவர்கள் அப்படி வாங்குகிறார்கள். அரிசியே வேண்டாம், சர்க்கரை போதும் என்று சொல்கிற குடும்பத்துக்கு நம் மின்னணுக் குடும்ப அட்டையில் தனிக் குறியீடே இருக்கிறது. அட்டையை நீட்டியதும் அந்தக் குடும்பம் என்ன தேர்ந்தெடுத்தது என்பதைக் கடையின் கருவி காட்டுகிறது. கோதுமையை அரிசியாக மாற்றச் சொல்லும் இன்னொரு குறியீட்டை ஹரியாணாவின் அட்டையிலும் பஞ்சாபின் அட்டையிலும் சேர்க்க, ஒரு மருத்துவச் சான்றும் ஓர் அரசாணையும் போதும். இந்த அவையில் உணவுத்துறை அதிகாரிகள் இருக்கிறீர்கள். உங்கள் வடமாநிலச் சகாக்களுக்கு நம் அட்டையின் நடைமுறையை எழுதி அனுப்புங்கள். மருத்துவக் குறிப்பு வேண்டுமென்றால் நானும் இங்கே வந்திருக்கும் குடல்நோய் மருத்துவர்களும் இந்த மாதமே எழுதித் தருகிறோம்.